வர்றேன் என்று யாரிடம் சொன்னார்?

ரத்த வங்கியில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி. மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் மைக்கக்காதான். குரல் அப்படி. போனில் அவள் பேசினால் மறுமுனையில் இருப்பவர் ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் காது அவருடையதில்லை. வேலையும் அதற்கேற்ற வேலைதான். ரத்தம் கொடுக்கச் சம்மதித்துப் பதிந்துவைத்தவர்களைத் தேவைப்படும்போது கூப்பிட்டு வரவழைப்பது. கூப்பிட்டால் சும்மா கூப்பிட மாட்டாள். பல் பிடுங்கினீர்களே ஆறிவிட்டதா, மாப்பிள்ளைக்கு இடமாற்றம் கிடைத்ததா, மாமியார் இன்னும் உங்களோடுதானா என்று ஒரு சுற்று விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள்.

"பாதிப் பேரு அக்கா பேச்சை நிறுத்துறதுக்காகவே ஓடி வந்து குடுத்துட்டுப் போறாங்க" என்று ஆய்வகத்துக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

"வந்தாங்களா இல்லையா? அதைப் பாருங்க" என்பாள் இவள்.

அந்த வேலையில் பங்குபோட ஐந்து பேர் வந்து சேர்ந்தார்கள். கையும் இல்லை, காலும் இல்லை. சுவரில் ஒரு பெரிய திரை, அதற்குள்ளே குடியிருப்பு. ஏஐ ஏஜெண்டுகள் என்று பயிற்சி கொடுக்க வந்தவர் சொன்னார்.

"ஏஜெண்டுன்னா? இன்ஷூரன்ஸ் விக்க வந்திருக்காங்களா?"

"இல்லம்மா. வேலையப் பிரிச்சுக்கிட்டு செய்யுற கம்ப்யூட்டர் ஆளுங்க."

"அதுக்கு ஏன் அஞ்சு பேரு? கம்ப்யூட்டர்தானே, ஒண்ணே எல்லாத்தையும் செய்யாதா?"

"ஒருத்தரே சமைச்சு, ஒருத்தரே பரிமாறி, ஒருத்தரே ருசியும் பாத்துக்கிட்டா உப்பு கூடிப்போனதை யாரு சொல்றது?"

அந்தப் பதில் மைக்கக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டாள். "என் கண்ணு முன்னாடி உக்காந்துக்கிட்டு எனக்குப் புரியாத பாஷையில குசுகுசுன்னு பேசிக்கக் கூடாது. என்ன பேசினாலும் திரையில தமிழ்ல வரணும். அதுவும் மனுஷங்க பேசுற தமிழ்ல." அப்படியே செய்துகொடுத்துவிட்டுப் போனார்.

பெயரும் அவளே வைத்தாள். வேலையைப் பிரித்துக் கொடுப்பவன் மேஸ்திரி. யாரிடம் எந்த வகை ரத்தம் இருக்கிறது என்று துழாவுகிறவன் தேடி. போனில் பேசுகிறவள் வாயாடி. போக்குவரத்தைக் கவனிப்பவன் வண்டிக்காரன். மற்ற நால்வரும் செய்வதைச் சரிபார்த்து, எதற்கெடுத்தாலும் ஒரு குறை கண்டுபிடிக்கிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது? நொட்டை.

விதியும் ஒன்று வைத்தாள். அரிதான வகை ரத்தக்காரர்களை ஒரே நேரத்தில் கும்பலாகக் கூப்பிடக் கூடாது. ஒருத்தர் வருகிறேன் என்றுவிட்டால் அடுத்தவரைத் தொடவே கூடாது. எல்லோரையும் ஒரே நாளில் உருவிவிட்டால் நாளைக்கு இன்னொரு உயிருக்கு எங்கே போவது? அனுபவத்தில் கண்ட விதி. மேஸ்திரி அதை வரிக்கு வரி ஏற்றுக்கொண்டான்.

இனி அந்தக் காலைக்கு வரலாம்.

மகப்பேறு வார்டிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். "அக்கா, உக்காந்துக்கிட்டுக் கேளுங்க."

"உக்காந்துதான் இருக்கேன், சொல்லு."

"உங்க வீட்டுச் சின்னவங்களுக்குக் குழந்தை பொறந்துடுச்சு. பொண்ணு. குழந்தை நல்லா இருக்கு. ஆனா அவங்களுக்கு ரத்தப்போக்கு நிக்க மாட்டேங்குது. ஏத்தலாம்னு எடுத்தா எந்த ரத்தமும் பொருந்தலைக்கா. சாதாரண வகைன்னுதான் இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தோம். இது அந்த வகை."

எந்த வகை என்று மைக்கக்கா கேட்கவில்லை. ஊரையே வரிசையில் நிறுத்தினாலும் ஒருத்தர் இரண்டு பேர் தேறினால் பெரிது என்கிற வகை. சின்னவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. அந்த வீட்டில் மைக்கக்காவைப் பார்த்து வாயைக் குறை என்று சொல்லும் துணிச்சல் உள்ள ஒரே ஜீவன். இருவரும் நாள் முழுக்க முட்டிக்கொள்வார்கள்; ஒருத்தி இல்லாத வேளையில் இன்னொருத்திக்குச் சாப்பாடு இறங்காது.

போனை வைப்பதற்குள் கொழுந்தன் வந்து நின்றான். இதே மருத்துவமனையின் லிஃப்ட் மெக்கானிக். ஒரு மாடிக்குக்கூட லிஃப்டைத் தேடுகிறவன், நாலு மாடியும் படியில் ஓடி இறங்கி வந்திருந்தான்.

"அண்ணி..."

"தெரியும். உக்காரு. மேஸ்திரி! கேட்டியா?"

வார்டுப் போன் எல்லாம் திரையோடு இணைந்ததுதான். பதில் உடனே ஓடியது.

மேஸ்திரி: "கேட்டுச்சு அக்கா. தேடி, நம்ம ஆளுங்கள்ல இந்த வகை யாருன்னு பாரு. சுத்தியிருக்கிற எல்லா ரத்த வங்கியிலயும் இருப்பு கேளு. வண்டிக்காரா, ஆள் கிடைக்கிற வரைக்கும் காத்திருக்காதே, ரெண்டு வண்டிய இப்பவே பிடிச்சு வை. வாயாடி, எத்தனை பை வேணும்னு டாக்டரம்மாவைக் கேட்டுக்கோ. பேரு வந்ததும் கூப்பிடு. நொட்டை, நீ எல்லார் தோளுக்குப் பின்னாடியும் நில்லு."

தேடி: "ஒருத்தனாத் தேடினா நேரமாகும். பிரிஞ்சுக்கிறேன்."

சொன்ன கையோடு திரையில் குட்டிக் கட்டங்கள் முளைத்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தேடி. ஒன்று துறைமுகத்துப் பக்கத்து வங்கியைக் கேட்டது; ஒன்று பல்கலைக்கழக மருத்துவமனையை; இன்னொன்று பக்கத்து ஊரை. இல்லை என்று பதில் வந்த கட்டம், அதைத் தாய்த் தேடியிடம் சொல்லிவிட்டுக் கரைந்து காணாமல் போயிற்று.

"என்ன அண்ணி இது, குட்டி போடுது, உடனே முழுங்குது?" என்றான் கொழுந்தன். கண்ணில் நீர் நிற்கும்போதே வாய் திறந்திருந்தது. "என் லிஃப்ட் எல்லாம் பட்டனை அழுத்தினா ஏறும், அழுத்தினா இறங்கும். இதுங்களுக்கு யாரு பட்டனை அழுத்துறது?"

"ஒருத்தர ஒருத்தர் அழுத்திக்கிறாங்கடா தம்பி. பேசாம பாரு."

எந்த வங்கியிலும் இருப்பு இல்லை. பதிந்தவர்களில் ஒருவர் கடல் தாண்டி வேலைக்குப் போய்விட்டார். ஒருவர் இப்போதுதான் கொடுத்துவிட்டுப் போனார், இன்னும் கொடுக்கலாகாது. மிஞ்சியது இரண்டே பேர். இதே நகரத்தில் கண்ணாடி பொருத்தும் தொழில் செய்கிற ஒருவர். பக்கத்து ஊரில் நீச்சல் சொல்லித்தரும் ஒரு அம்மாள். விதிப்படி முதலில் ஒருத்தர், அதுவும் பக்கத்திலிருப்பவர். வாயாடி கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டாள்.

வாயாடி: "எடுத்தாரு. ரத்த வங்கியிலிருந்து பேசுற மெஷின்னு சொல்லிட்டு, விஷயத்தை ஆரம்பிச்சேன். 'சரிங்க, வர்றேன்'னு சொன்னாரு. லைன் கட்டாயிடுச்சு. வர்றாரு."

மைக்கக்கா அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். கொழுந்தன் சுவரில் முகத்தைப் பதித்துக்கொண்டு குலுங்கினான்.

"போதும் மேஸ்திரி. நீச்சல் டீச்சரைத் தொட வேணாம். அவர் வந்துடுவாரு."

மேஸ்திரி: "நிறுத்திட்டேன் அக்கா."

ஆய்வகத்துக்குச் சொல்லியாயிற்று. படுக்கையில் விரிப்பு போட்டாயிற்று. எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது திரையில் ஒரு வரி ஓடியது.

நொட்டை: "வர்றேன்னு யாருகிட்ட சொன்னாரு?"

வாயாடி: "என்கிட்டதான். லைன்ல நான்தானே இருந்தேன்?"

நொட்டை: "லைன்ல நீ இருந்தே. எதிர்ல யாரு இருந்தாங்க?"

"ஆரம்பிச்சிட்டான்யா!" மைக்கக்கா திரையைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "நேரங்காலம் தெரியாம நொட்டை சொல்றதுக்குன்னே பொறந்திருக்கான். வர்றேன்னா வர்றேன்தாண்டா! இதுல என்ன ஆராய்ச்சி?"

நொட்டை கோபித்துக்கொள்ளவில்லை. "உங்களால வர முடியுமான்னு வாயாடி இன்னும் கேக்கவே இல்லக்கா. கேள்வி வர்றதுக்கு முன்னாடி எப்படி பதில் வரும்? அதோட, 'ஹலோ' சொன்னப்போ வாய் போனுக்குப் பக்கத்துல இருந்துச்சு. 'வர்றேன்' சொன்னப்போ திரும்பி இருந்துச்சு."

மேஸ்திரி: "அக்கா, உங்க விதிப்படி தேடலை நிறுத்தித்தான் வெச்சிருக்கேன், மீற மாட்டேன். ஆனா நொட்டை சொல்றது சரியா இருந்தா, கிளம்பாத ஆளுக்காக நாம வாசலைப் பாத்துக்கிட்டிருக்கோம். பேசினதை ஒருதடவை கேட்டுட்டு முடிவு சொல்லுங்க."

கேட்டாள். "ஹலோ... யாரு?" பிறகு வாயாடியின் பதவிசான குரல், வணக்கம், நான் ரத்த வங்கியிலிருந்து என்று. பின்னால் ஏதோ இரும்பு உருளும் ஓசை. "ம்... ம்..." பிறகு, சற்று தள்ளி, "சரிங்க, வர்றேன்." அவ்வளவுதான் என்று அவள் நினைக்கும்போது நொட்டை கடைசித் துண்டை மட்டும் பெரிதாக்கிப் போட்டான். மெலிதாக ஒரு பெண் குரல். "போயிட்டு வாங்க. உடைஞ்ச கண்ணாடியச் சாக்குல கட்டி எடுத்துட்டுப் போயிடுங்க, புள்ளைங்க ஓடுற எடம்."

மைக்கக்காவுக்குப் புரிந்துபோயிற்று.

மனிதர் எங்கோ ஒரு வீட்டில் வேலை முடித்துவிட்டு, அந்த வீட்டம்மாளிடம் விடைபெற்றிருக்கிறார். வாசல் தாண்டும்போது 'போறேன்' என்று யார் சொல்வார்கள்? போகிறவர்கள் எல்லோரும் வர்றேன் என்றுதான் சொல்வார்கள். காலையில் வார்டை விட்டு இறங்கும்போது சின்னவளிடம் இவளே அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தாள். இத்தனை வருஷம் போனிலேயே குடித்தனம் நடத்தியவள், அந்த ஒரு வார்த்தையை விருப்பப்பட்ட மாதிரி கேட்டுவிட்டாள். நெஞ்சு வேண்டிக்கொண்டிருந்ததைக் காது எடுத்துக்கொண்டது.

"மேஸ்திரி, விதியும் வேணாம் ஒண்ணும் வேணாம். தூக்கிக் குப்பையில போடு. ரெண்டு பேரையும் கூப்பிடு!"

சொல்லி முடிக்கவில்லை, திரை கொதிக்க ஆரம்பித்தது. கொதித்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. வாயாடி ஒரு கட்டத்தில் நீச்சல் டீச்சரிடம் பேசினாள், இந்தத் தடவை "வர்றேன்" என்று பதில் வந்ததும், "எங்கே வர்றீங்க? எப்ப கிளம்புறீங்க? இப்ப எங்க நிக்கிறீங்க?" என்று பிடித்துக்கொண்டாள். அதே வாயாடி இன்னொரு கட்டத்தில் கண்ணாடிக்காரருக்கு அடித்துக்கொண்டிருந்தாள். மணி போகிறது, எடுக்க ஆளில்லை.

வண்டிக்காரன்: "டீச்சருக்கு வண்டி பாதி வழியில நிக்குது. அங்கிருந்து போனா நேரம் மிச்சம்."

"பாதி வழியிலயா? யாரு அனுப்பினது?" என்றாள் மைக்கக்கா.

வண்டிக்காரன்: "நொட்டை சந்தேகப்பட்டதும் மேஸ்திரியைக் கேட்டேன். ஆளைக் கூப்பிடத்தான் கூடாது, வண்டி எங்க நிக்கணும்னு விதி இல்லையேன்னு. தேவைப்படாட்டி திரும்பி வந்திருக்கும், அவ்வளவுதான்."

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி திரையைப் பார்த்தாள். இருவருக்கும் உடம்பு சிலிர்த்தது. ஒருவன் சந்தேகப்பட்டான்; இன்னொருவன் அந்தச் சந்தேகத்தைக் கேட்டு வண்டியை நகர்த்தினான்; மூன்றாமவன் சரி என்றான். யாரும் யாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசவில்லை. இவள் அதட்டிக்கொண்டிருந்த நேரத்துக்குள், இவள் கவனிக்காத திரை ஓரத்தில் எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது.

வாயாடி கண்ணாடிக்காரரின் கடைக்குக் கூப்பிட்டாள். அவர் மனைவி எடுத்தார். "மெஷினோட பேச எனக்கு நேரமில்ல" என்று வைத்துவிட்டார்.

வாயாடி: "மேஸ்திரி, இது என்னால ஆகலை. திரும்ப நானே கூப்பிட்டா அந்தம்மா நம்பரையே தடுத்துடுவாங்க. வேற ஆள் பேசணும்."

மேஸ்திரி: "அக்கா, இது உங்க வேலை. அந்தம்மாகிட்ட நீங்க முன்னாடி நிறைய தடவை பேசியிருக்கீங்க. அவர் அடுத்து எங்க வேலைக்குப் போறாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும். பின்னாடி நிக்கிறவரு லிஃப்ட் மெக்கானிக்தானே? ஒவ்வொரு மாடியிலயும் நின்னு நின்னுதான் லிஃப்ட் இறங்குது. ரத்தம் தயாராகுற நேரத்துக்கு அது கீழ நிக்கணும், நேரா மேல போகணும். அவரால முடியுமா?"

கொழுந்தன் இடுப்புச் சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்தான். "முடியுமாவா? அண்ணி, எனக்கும் வேலை குடுத்திருக்கு!" ஓடினான். அழுதுகொண்டு நின்றவன் ஆளே மாறிப்போனான்.

மைக்கக்கா போனை எடுத்தாள். அடுத்தவருக்கு வேலை வைத்தே பழகியவளுக்கு ஒரு திரை வேலை வைத்துவிட்டது. அதைப் பற்றி யோசிக்கக்கூட நேரமில்லை.

"யம்மா, நான்தான், ரத்த வங்கி..."

"ஐயோ, தெரியுதுக்கா! கத்தாதீங்க, கேக்குது, கேக்குது!"

"உன் வீட்டுக்காரர் எங்க?"

"சலூனுக்குக் கண்ணாடி மாட்டப் போயிருக்காரு. பழைய பாலத்துக்குக் கீழ, நீலப் பலகை போட்ட கடை. போனை வண்டிப் பெட்டியில போட்டுட்டு மறந்திருப்பாரு, அது அவருக்கு வழக்கம்தானே. என்னாச்சுக்கா?"

"என் ஓரகத்தி உயிருக்குப் போராடிக்கிட்டிருக்காம்மா. அவரோட ரத்தம்தான் வேணும்."

"போங்கக்கா, கூட்டிட்டுப் போங்க. ஸ்குரூ டிரைவரைக் கையிலிருந்து பிடுங்கிட்டு இழுத்துட்டுப் போங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அவள் போனை வைப்பதற்குள் முதல் வண்டி பாலத்தை நோக்கித் திரும்பியிருந்தது.

வண்டிக்காரன்: "ஆள் ஏறியாச்சு."

நொட்டை: "ஏறினது அவர்தானா?"

வண்டிக்காரன்: "டிரைவர் பேரு கேட்டாரு, கொடையாளி அட்டையும் பாத்தாரு. கையில ஸ்குரூ டிரைவர் இருக்கு. போதுமா?"

நொட்டை: "போதும்."

ஆய்வகத்தில் சிரித்தார்கள். அந்த நேரத்தில் சிரிக்க முடிந்தது என்பதே அதிசயம்தான்.

கண்ணாடிக்காரர் சட்டையெல்லாம் வெள்ளைப் பொடியோடு வந்து படுத்தார். "மன்னிச்சுக்கோங்கக்கா. மெஷின் என்னமோ பேசிச்சு. லோன் வேணுமான்னு கேக்குதுன்னு நெனச்சேன். நானே கட்டிக்கிட்டிருக்கிற லோன் போதாதான்னு லைனைக் கட் பண்ணி, போனைப் பெட்டியில போட்டுட்டேன்."

"பேசாம கையை நீட்டுங்க அண்ணே" என்றாள் மைக்கக்கா. அவளா இப்படிச் சொல்கிறாள் என்று ஊசி போட்டவர் நிமிர்ந்து பார்த்தார்.

பையில் ரத்தம் இறங்கியது. செய்ய வேண்டிய பரிசோதனைகளை ஆய்வகம் அவசர முறையில் செய்தது. லிஃப்ட் வாயைத் திறந்துகொண்டு கீழே காத்திருந்தது. உள்ளே சாவியைத் திருகிப் பிடித்தபடி கொழுந்தன். பை உள்ளே போனதும் நடுவில் எந்த மாடியிலும் மூச்சுவிடாமல் மேலே போயிற்று. கீழே இறங்கியதும் அவன் மறுபடி சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேலே வார்டு வாசலில் போய் நில் என்றால் கேட்கவில்லை. "ரெண்டாவது பை வரணும்ல? என் வேலை முடியல அண்ணி" என்றான்.

நீச்சல் டீச்சர் வந்தார். தலை ஈரம் காயவில்லை. துண்டைத் தோளில் போட்டபடியே வந்திருந்தார். "என்கிட்ட பேசின பொண்ணு யாருங்க? எங்க வர்றீங்க, எப்ப வர்றீங்கன்னு துளைச்சு எடுத்துட்டா. எங்க வீட்டுக்காரர்கூட என்னை இத்தனை கேள்வி கேட்டதில்ல."

"அவ இப்பத்தான் கத்துக்கிட்டா" என்றாள் மைக்கக்கா.

இரண்டாவது பையும் மேலே போயிற்று. அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. காத்திருப்பதுதான் பாக்கி. மைக்கக்கா நாற்காலியில் விழுந்தாள். பார்வை தானாகத் திரைக்குப் போயிற்று. அவள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அங்கே வரிவரியாகக் கிடந்தது.

வாயாடி: "தப்பு என்னோடது. கேள்வியை முடிக்காமலேயே பதில் வந்ததா எடுத்துக்கிட்டேன்."

நொட்டை: "நானும் முதல் தடவை கேட்டு விட்டுட்டேன். ரெண்டாம் தடவை கேட்டப்பதான் அந்தம்மா குரல் கிடைச்சுது. இனிமே முதல்லயே ரெண்டு தடவை கேக்குறேன்."

மேஸ்திரி: "யாராவது வர்றேன்னா, எங்கேன்னு கேக்காம வருகைன்னு குறிக்கக் கூடாது. வாயாடி, இது இனிமே உன் வழக்கம். தேடி, ரெண்டு கொடையாளிக்கும் அடுத்து எப்ப கூப்பிடலாம்னு குறிச்சு வை. அதுக்கு முன்னாடி யாரும் தொடக் கூடாது. அது அக்காவோட விதி, குப்பையில போட்டாலும் பொறுக்கி எடுத்து வெச்சிருக்கேன்."

அந்தக் கடைசி வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். நீயா நானா இல்லை. நான் அப்பவே சொன்னேனே இல்லை. அவளுடைய புகுந்த வீட்டில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் சேர்ந்து ஒரு தண்ணீர்க் குழாய் மாற்றினார்கள். குழாய் சரியானது, மூன்று பேரும் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. இங்கே ஒரு உயிர் ஊசலாடுகிறது. தப்பு செய்தவள் தானே சொல்கிறாள், தப்பைப் பிடித்தவன் தன் பங்கையும் சேர்த்துச் சொல்கிறான், மேஸ்திரி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறான். இதுங்களுக்கு நெஞ்சு உண்டா, இல்லையா? அவளுக்குத் தெரியாது. ஆனால் பெரிய மலையடிவாரத்தில் நிற்கும்போது வாய் தானாக மூடிக்கொள்ளுமே, அப்படி உட்கார்ந்திருந்தாள்.

போன் அடித்தது. வார்டு நர்ஸ்.

"அக்கா... நின்னுடுச்சு."

அறை முழுக்க அவளையே பார்த்தது. நின்றுவிட்டது என்றால் எதுவும் நிற்கலாம். மூச்சு நிற்கும். இதயம் நிற்கும். அலறத்தான் வாய் திறந்தது. ஆனால் வேறு ஒரு வார்த்தை வந்தது.

"எது?"

"என்னக்கா?"

"எது நின்னுடுச்சு? முழுசாச் சொல்லும்மா."

"ரத்தப்போக்குக்கா! ரத்தப்போக்கு நின்னுடுச்சு. நாடி ஏறிடுச்சு. கண்ணு தொறந்து குழந்தையக் கேக்குறாங்க. டாக்டரம்மா உக்காந்து தண்ணி குடிக்கிறாங்க."

ஆய்வகத்தில் யாரோ மேஜையைத் தட்டினார்கள். நீச்சல் டீச்சர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கண்ணாடிக்காரர், "எந்திரிச்சு உக்காரலாமா இப்ப?" என்று பொதுவாகக் கேட்டார்.

நடைவழிக் கோடியில் இன்னும் லிஃப்ட் சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனிடம் போய்ச் சொல்ல வேண்டும். மைக்கக்கா எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

"மேஸ்திரி" என்றாள். "எனக்கு இப்ப கால் வராது. தம்பிக்குச் சொல்லிடு."

மேஸ்திரி: "சரி அக்கா. வாயாடி, லிஃப்ட்டுக்குள்ள ஸ்பீக்கர் இருக்கு, அதுல சொல்லு. நின்னுடுச்சுன்னு."

நொட்டை: "எது நின்னுச்சுன்னு முதல்ல சொல்லு."